நான்கு பீப்பாயும் என் இடக்கையும்

1911ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14ந் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷம். வெளியே ஊசித் தூற்றல், மேற்கிலிருந்து காற்று. ஸ்காட்லாந்து தேசத்து லீத் துறைமுகத்தில், விஸ்கிப் பீப்பாய்களை வைத்திருக்கும் கிட்டங்கியில் என் முன்னால் நான்கு கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தார்கள். இந்த ஊரில் சாராயத்தை ருசி பார்க்கிறவன் அதைக் குடிப்பதில்லை. மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறான். எட்டு வருஷமாகப் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை. நாலும் ஒரே வடிசாலையில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து இறக்கியவை, வயதுதான் வேறு. ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினெட்டு வருஷம். புதிதாக வந்த மானேஜர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: வயது வரிசைப்படி அடுக்கத் தெரியாதவன் பீப்பாய்க் கணக்கு எழுத வேண்டாம், மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம். எனக்கு அறுபத்து மூன்று வயது. தூத்துக்குடிப் பஞ்சு ஆபீசிலிருந்து என்னைக் கூட்டிவந்த துரை இறந்து இரண்டு வருஷமாகிறது. இந்த நாற்காலியை விட்டால் எனக்கு இங்கே வேறு நாற்காலி இல்லை.

பாளையங்கோட்டைச் சைவ வீட்டில் பிறந்த எனக்கு அன்றுவரை ஒரு துளி நாக்கில் பட்டதில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், அந்தக் கிண்ணங்களில் எனக்கு முன் நாலு பேர் மூக்கும் மீசையும் விட்டிருந்தார்கள். ஆகவே வீட்டில் செம்பைத் தூக்குகிறாற்போல் கிண்ணத்தைத் தூக்கி, உதட்டில் படாமல், நாலு விரற்கடை உயரத்திலிருந்து தொண்டைக்குள் விட்டேன். நாலையும் அப்படியே. நாலும் ஒரே நெருப்பு. பதினோரு தடவை இருமினேன்.

மானேஜர் பதறிப்போய், "இது உங்கள் மதச் சடங்கா?" என்றார்.

"இல்லை ஐயா, சுத்தம்" என்றேன்.

கிண்ணம் அழுக்கென்று சொல்வதாக நினைத்து, நாலையும் வெந்நீரில் கழுவச் சொன்னார். பிறகு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

கப்பல்காரர் விடுதியில் சமையல் பார்க்கும் சவரிமுத்து தூத்துக்குடிக்காரர். நான் நடந்ததைச் சொல்ல, கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, தாமிரவருணித் தண்ணின்னு நினைச்சியளோ, அண்ணாந்து ஊத்துததுக்கு?"

"சும்மா இரும்வே. வேலை போவுது, உமக்குச் சிரிப்பாணி."

"பொறவு என்ன? ஊர்ல நெய் வாங்கும்போது தொண்டைக்குள்ளயா விட்டுப் பாப்பிய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்கூடலிலிருந்து ஒருத்தி கூடையில் நெய்ப்பானையோடு வருவாள். என் மனைவி என்னைத்தான் கூப்பிடுவாள். புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து, இருபது எண்ணி முகர்வேன். இலுப்பெண்ணெய் கலந்திருந்தால் பதினைந்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் மூன்று தடவைதான் ஏமாந்திருக்கிறேன். அதில் ஒருதடவை எனக்குச் சளி.

வெள்ளிக்கிழமை சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினேன். இடது புறங்கையில் இரண்டு, மணிக்கட்டில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று என நாலு சொட்டு. தேய்த்து, இருபது எண்ணினேன். காரம் ஆவியாய்ப் போய்ப் பண்டம் மட்டும் நின்றது. ஒன்றில் ஊறப்போட்ட தானிய வாடை: ஐந்து வருஷம். ஒன்றில் அடுப்புப் புகை முன்னால் நின்றது: எட்டு. ஒன்றில் புகை பின்னுக்குப் போய்க் கருப்பட்டிப் பாகு: பன்னிரண்டு. கடைசியில் புகையே இல்லை. வெகுநாள் திறக்காத மரப்பெட்டியும் உலர்ந்த திராட்சையும். கிண்ணங்களை அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மானேஜர் வயது குறித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு தம் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"எவ்வளவு எண்ண வேண்டும்?" என்று கேட்டார்.

"இருபது. அவசரப்படக் கூடாது" என்றேன்.

சாயங்காலம் சவரிமுத்து பொங்கிய சோற்றை ரசம் விட்டுப் பிசைந்து உண்டேன். கை கழுவிய பிறகு, திருச்செந்தூர் இருக்கும் திசை இதுதான் என்று நானாக வைத்துக்கொண்ட ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். வலக்கையில் ரசத்துப் பெருங்காயம், இடக்கையில் பதினெட்டு வருஷத்து வாற்கோதுமை. சேர்த்த கைகளிலிருந்து இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறின. எந்தக் கையை மறுபடி கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை. கழுவாமலே கும்பிட்டு முடித்தேன்.

சவரிமுத்துவுக்குத் தட்சிணையாக வாங்கிக் கொடுத்த கால் போத்தலையும் சேர்த்து, எனக்கு ஆன மொத்தச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்.