பாட்டு கீதா என்று கேட்ட குரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருடங்கள் போய்விட்டன. கிருத்திகைக்குத் திருப்போரூர் போகும்போதெல்லாம் முருகனிடம் கேட்பேன். சன்னதியில் நிற்கும்போது எழுது என்பது போல இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அதுவும் இது செத்துப்போன என் தங்கச்சி விஷயம். அவள் புருஷன் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். போன மாதம் அவரே வந்து, "எழுதிடு மச்சான். ஆனா நடந்தத மட்டும் எழுது" என்றார். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வேன் ஓட்டுகிற வேலை. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அங்கேயும் பக்கத்து ஊர்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரிக்குப் போவேன். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கூட்டித் துடைக்கிறவர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள், வாசலில் நிற்கிற செக்யூரிட்டிகள், இவர்கள்தான் என் வண்டியில் வருகிறவர்கள். முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டியோடு சேர்ந்து ரேடியோவும் எழுந்துகொள்ளும். சென்னை ஸ்டேஷன் ஒன்று. நாள் பூராவும் பாட்டு. வேறு ஸ்டேஷனுக்கு நான் மாற்றியதே இல்லை.

என் தங்கச்சி சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்தாள். அதே கம்பெனி வாசலில் அவள் புருஷன் செக்யூரிட்டி. இரண்டு பேரும் என் வண்டியில்தான் வருவார்கள். அந்த ஸ்டேஷனில் காலையில் போன் போட்டு விருப்பப்பட்ட பாட்டைக் கேட்கலாம். தங்கச்சி தினமும் முயற்சி செய்வாள், லைன் கிடைக்காது. ஒருநாள் கோவளம் தாண்டும்போது கிடைத்துவிட்டது. நான் ரேடியோ சத்தத்தைக் குறைத்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், எத்தினி நாளா போட்டுகினே கீறேன் சார், இப்பத்தான் கெட்ச்சிது. மழை வர பாட்டு கீதா?"

அந்தப் பக்கம் பேசியவர் தெற்குச் சீமைக்காரராக இருக்க வேண்டும். சென்னைக்கும் புதுசு போல, 'இருக்கா' என்பதை நாங்கள் 'கீதா' என்போம் என்று தெரியவில்லை.

"அடடே, கீதாவா! சொல்லுங்க கீதா, எந்த ஊர்ல இருந்து பேசுறீங்க?"

"அய்ய! என் பேரு கீதா இல்ல சார். பாட்டு கீதான்னு கேட்டேன்."

"அதாங்க, பாட்டு கீதா. பட்டப்பேரே பிரமாதமா இருக்கே! ஊர்ல நிறைய பாடுவீங்களோ?"

வண்டியே சிரிப்பில் ஆடியது. கேன்டீனில் வேலை செய்கிற அக்கா ஒருத்தி, "அடியே, உனக்குப் புதுப் பேரு வெச்சிட்டான்டி, கூழு ஊத்துடி" என்று கத்தினாள். தங்கச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிப்பு ஒரு தினுசு. முதலில் விக்கல் மாதிரி ஒரு வெட்டு, அப்புறம் மூச்சு உள்ளே போகும், அதற்கப்புறம்தான் சிரிப்பு வெளியே வரும்.

அந்த ஸ்டேஷன்காரர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. நான்கைந்து நாள் கழித்து, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், "பாட்டு கீதா?" என்று என் தங்கச்சி குரல் கேட்டது. கூடவே அந்தச் சிரிப்பு. பின்னாலேயே மேளம் அடித்து ஸ்டேஷன் பெயரைச் சொன்னார்கள். அதற்கப்புறம் தினமும் எத்தனையோ முறை வரும். ஊரில் அவளுடைய நிஜப் பெயரே மறந்துபோனது. மீன் விற்கிறவர்கள்கூட, "கீதா, வஞ்சிரம் கீது, வேணுமா?" என்று கேலி செய்வார்கள். அவளும் கோபப்பட மாட்டாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான் எழுதியிருந்தது.

விடிந்ததும் ஆம்புலன்ஸில் அவளை ஏற்றினார்கள். கூட என் அம்மா ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளை என்னோடு வேனில் வந்தார். நான் இருந்த நிலையில் சாவியைத் திருப்பியபோது ரேடியோவும் சேர்ந்து வரும் என்பது ஞாபகத்தில் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் அந்த ஸ்டேஷன் சரியாக எடுக்காது, வெறும் இரைச்சல்தான். அந்த இரைச்சலோடு முன்னால் போகிற ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இரைச்சல் விலகியது. "பாட்டு கீதா?" என்றாள்.

முன்னால் அவள் உடம்பு போகிறது. என் பக்கத்தில் அவள் சிரிக்கிறாள். ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். ரேடியோவைப் பார்த்து, "கீது, கீது" என்றார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கருமாதி முடிந்து வேலைக்கு வந்தார். தங்கச்சி உட்கார்ந்துவந்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் கேட்கும்போதெல்லாம், "கீது" என்று மெதுவாகப் பதில் சொல்வார். வண்டியில் யாரும் அதைக் கேலி செய்யவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கடற்கரை ரோட்டில் எங்கே நிறுத்தினாலும் அவள் இருந்தாள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே கேட்பாள். முடிவெட்டுகிற கடையில், கழுத்தில் கத்தி இருக்கும்போது கேட்பாள். என்னைத் தாண்டிப் போகிற காரின் ஜன்னலிலிருந்து பாதி மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒருநாள் கேட்டதும் என் அம்மா உலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அமைதியாகப் போக வேண்டிய ஆத்மாவை இப்படித் தினமும் பேசவைத்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று நான் முருகனிடம் அழுதிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அவரிடம் அவள் குரல் வேறு எதிலும் இல்லை. அவள் வைத்திருந்தது பட்டன் போன். கல்யாண வீடியோவில் முழுக்க நாதஸ்வரத்தைச் சேர்த்துவிட்டார்கள், அதில் அவள் வாய் அசையும், சத்தம் வராது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் ரேடியோவில் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து பாட்டு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் செய்திதான். அதற்கு என்னவோ அனுமதியெல்லாம் வாங்கிவிட்டார்களாம்.

"இன்னாது, நாள் பூரா நியூஸா?" என்றாள் கேன்டீன் அக்கா. "வூட்டுல எங்க மாமியா வாசிக்கிற நியூஸு பத்தாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார்.

"மச்சான், அப்ப பாட்டே இருக்காதா?"

"இருக்காதாம் மாப்ள."

"பாட்டு இல்லன்னா அவ இன்னாத்த கேப்பா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கியரை மாற்றினேன்.

யாரோ சொல்லி, செல்போனில் அதைப் பதிவு செய்துவிடலாம் என்று அவர் ரேடியோ பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டே வந்தார். ஆனால் மாற்றப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்தே அவள் வரவில்லை. அவள் வர வேண்டிய இடத்தில் ஒரு ஆம்பளைக் குரல், செய்திகள் விரைவில் என்றது. கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதமும் முடிந்தது. கடைசிப் பாட்டு ஓடி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் எங்கேயோ லாரி கவிழ்ந்ததையும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பதையும் ஒரு பெண் படித்தாள்.

லீவு போட்டுவிட்டு நானும் அவரும் சென்னைக்குப் போனோம். அந்த ஸ்டேஷன் ஆபீஸ் ஒரு பெரிய கட்டடத்தில் மேல் மாடியில் இருந்தது. உள்ளே விடவில்லை, வாசலில் நாற்காலி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பெண் வந்தாள். மாப்பிள்ளை என் தங்கச்சியின் நிஜப் பெயரைச் சொல்லி, அவள் குரல் வேண்டும் என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான்தான், "அதாம்மா, பாட்டு கீதா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, கீதா அக்கா வீட்லேர்ந்தா வந்திருக்கீங்க? இங்க ஆபீஸ்ல பால் தீர்ந்துபோனாக்கூட பால் கீதான்னுதான் கேப்போம். நல்லா இருக்காங்களா அக்கா?"

"நல்லா கீறா" என்றார் மாப்பிள்ளை.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசெல்லாம் அழிச்சிட்டாங்கண்ணா, பாட்டு செக்‌ஷனே இப்ப இல்ல. எங்கயாவது மிச்சம் இருக்கான்னு தேடிப் பாக்கறேன். இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம், அக்காவையே ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன். நியூஸ் கீதான்னு சொல்லவெச்சு ரெக்கார்ட் பண்ணிடலாம். காலைல செய்திக்கு முன்னாடி போட்டா சூப்பரா இருக்கும். அக்காகிட்ட சொல்றீங்களா?"

"சொல்றேம்மா."

கீழே இறங்கி ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் மாப்ள அப்படி சொன்ன?"

"அந்தப் பொண்ணு சிரிச்சிகினே கேட்டுச்சி மச்சான். அவங்களுக்கு அவ உசுரோட கீறா. அங்கயும் போயி நான் ஏன் சாவடிக்கணும்?"

அதற்கப்புறமும் நான் ஸ்டேஷனை மாற்றவில்லை. அவர் மாற்ற விடவில்லை. கேன்டீன் அக்கா பாட்டு ஸ்டேஷன் வைக்கச் சொல்லி முணுமுணுப்பாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள். செய்திக்கும் செய்திக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வரும். அப்போது அவர் தலையைத் தூக்குவார். எனக்குக் கண்ணாடியில் தெரியும்.

மார்கழி போய், தை போய், மாசி வந்தது. ஒருநாள் காலை. கோவளத்தில் திரும்பி உப்பங்கழி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர், நல்ல வெயில். தலைப்புச் செய்திகள் வருகிற நேரம்.

"நியூஸ் கீதா?"

விக்கல் மாதிரி ஒரு வெட்டு. மூச்சு உள்ளே போனது. அப்புறம் சிரிப்பு.

நான் வண்டியை ஓரம்கட்டினேன். முருகா என்று வாய் சொன்னது, சத்தம் வரவில்லை. கேன்டீன் அக்கா மார்பில் கையை வைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணு கொரலு" என்றாள். பின் சீட்டில் இருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள், அவர்கள் காதில் விழவில்லையாம்.

மாப்பிள்ளை பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணாடியில் அவர் முகம் வெளுத்துக் கிடந்தது.

"நான் அவகிட்ட சொல்லவே இல்லியே மச்சான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அன்றைக்கு நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்வாராம். ஒன்றுவிடாமல் சொல்வாராம். ரேடியோ ஆபீஸுக்குக் கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. கூப்பிட்டும் போக முடியவில்லையே என்று அவள் வருத்தப்படுவாள் என்று சொல்லவில்லை.

"யாரு சொன்னது அவளுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

ரேடியோவில் பெட்ரோல் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரே எழுந்து வந்து, என் தோளுக்கு மேலே கையை நீட்டி அதை அணைத்தார்.

மத்தியானம் நான் அவரிடம், "அந்த ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம் மாப்ள" என்றேன். இந்தக் காலத்தில் ஒருத்தர் குரலைக் கொஞ்சம் கொடுத்தால் மிஷினே மிச்சத்தைப் பேசுகிறது என்று கம்பெனிப் பையன்கள் வண்டி நிற்கும் இடத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பெண் எங்கேயாவது தேடி எடுத்து அப்படிச் செய்திருக்கலாம். ஆசையாகச் செய்திருக்கலாம்.

"வேணாம்" என்றார். "மிஷின்ல பண்ணோம்னு சொன்னா, இத்தினி நாளு நான் யாருக்கு பதில் சொல்லிகினு இருந்தேன்னு ஆயிடும். நாங்க பண்ணவே இல்லன்னு சொன்னா, அப்புறம் நான் அந்த வூட்டுல எப்படித் தனியா படுப்பேன்? ரெண்டுமே எனக்கு வேணாம் மச்சான்."

நாங்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் வண்டியில் ரேடியோ கிடையாது, அதைக் கழற்றியே வைத்துவிட்டேன். தினமும் காலையில் அந்தக் குரல் வருகிறது என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்று வந்ததே இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். அவர் இரண்டு கூட்டத்தையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். இன்றைக்கும் விளக்கேற்றுகிறார், பேசுகிறார். அந்தக் காலை நடந்ததையும் அவளிடம் சொல்லிவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. உப்பங்கழி ரோட்டில் ஒரு பெண் நின்று வண்டிகளை நிறுத்தி நியூஸ் கேட்கிறாள் என்று ஒரு கதை. அவள் அம்மனாக இறங்கிவிட்டாள், ரேடியோவுக்குப் பூ வைத்தால் குறி சொல்வாள் என்று இன்னொரு கதை. மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மூன்றாவது. மூன்றும் பொய். அவர் ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

படிக்கிறவர்களை இது ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்லத் தோன்றினால், வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோன்றினால், தாராளமாக அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று பயமுறுத்த மாட்டேன், முருகன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் இருக்கிறபடியே அனுப்புங்கள். பேய் என்று ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். சாமி என்றும் சேர்க்காதீர்கள். மிஷின் என்று நிச்சயமாக முடித்தும் வைக்காதீர்கள். அந்த மனுஷன் அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நடமாடுகிறார். உங்களில் யாராவது கூட்டிச் சொன்னது சுற்றிச் சுற்றி ஒருநாள் எங்கள் தெருவுக்கே வந்து சேரும், அவர் காதில் விழும்.