மஞ்சள் மிதவை வரை

என் பெட்டியின் அடியில், அக்காவுக்கென்று வறுத்து இடித்த இரண்டு கிலோ மிளகாய்த்தூளுக்கும் கீழே, ஒரு நீச்சலுடை இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் நான் வாங்கிய முதல் நீச்சலுடை. கனடாவில் நாங்கள் இருக்கும் வில்லரேயில், வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு நீச்சல் குளம். செவ்வாய்தோறும் மாலையில், ஒரு குளிர்காலம் முழுக்க, அங்கே இரவல் உடையில் நீந்தப் பழகினேன். ஈரத் தலையோடு வெளியே வந்தால் முடி நுனி விறைத்துப்போகும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கடலில் நீந்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்டில் அதற்கு வழி பிறந்தது. எனக்குக் கனடாக் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. பாரிசில் இருக்கும் அக்காவைக் கண்டு பதினாறு வருடங்கள். அத்தானின் நண்பர் ஒருவர், பிரான்சின் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த தன் வீட்டுத் திறப்பை, பத்து நாள் தங்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்.

அக்காவுக்கு நீச்சல் விஷயம் தெரியாது. மட்டக்களப்பில் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும், பெண்பிள்ளைகள் நாங்கள் முழங்காலுக்கு மேல் நனைந்தால் அடி விழும். அம்மா கை ஓங்குவதற்குள் அக்கா போட்டுவிடுவாள். அந்தப் பயத்தில்தான், "செவ்வாய்க்கிழமையில எடுக்காத அக்கா, கோயிலுக்குப் போறன்" என்று தொலைபேசியில் புளுகிவைத்திருந்தேன். "வெள்ளியில நானும் வீட்ட நிக்கமாட்டன், கோயில்தான்" என்றாள் அவள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த ஊர் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மெலிஞ்சிட்டாய்கா" என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சின் அந்தக் 'கா' மாறாமல்.

"விரதம்" என்றேன்.

மறுநாள் காலை அத்தானும் என் கணவரும் மீன் வாங்கப் போனார்கள். நானும் அக்காவும் கடற்கரைக்குப் போனோம். தெரு திரும்பியதும் கடல் தெரிந்தது. அப்படியொரு நீலம். கரை முழுக்கச் சனம் கருவாடு காயப்போட்டதுபோல் கிடந்தது. தூரத்தில் ஒரு மஞ்சள் மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அதுவரை போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன்.

ஆனால் அக்கா பக்கத்தில் இருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சுரிதாரில், வியர்த்துக்கொட்ட. அவள் முகம் சுளித்தால் என் பத்து நாளும் குடைக்குக் கீழேதான். என் சுரிதாருக்குள்ளே நீச்சலுடை உடம்போடு ஒட்டிப் புழுங்கியது.

"அக்கா, ஒண்டு சொன்னா ஏசக்கூடாது."

"என்ன?"

"நான் கடலுக்க இறங்கப் போறன்."

பதிலுக்குக் காத்திருந்தால் தைரியம் போய்விடும். சுரிதாரைத் தலைவழியாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஏச்சு வரவில்லை. கண்ணைத் திறந்தால் அக்கா என் நீச்சலுடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமைக் கோயில்" என்றாள்.

பிறகு இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். எழுந்து நின்று தன் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். உள்ளே கருநீல நீச்சலுடை. என்னுடையதில் கடை மடிப்பே இன்னும் போகவில்லை. அவளுடையது குளத்து மருந்தில் ஊறி ஊறி, தோள்பட்டையில் சாம்பலாக வெளிறியிருந்தது.

"எத்தன வருசம்?" என்று கேட்டேன்.

"ஆறு."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"நீ என்ன நினைப்பியோ எண்டு பயம்கா."

அக்காவுக்கு என்னிடம் பயம். அதை நான் விழுங்கி முடிப்பதற்குள் அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். நானும் பின்னால் பாய்ந்தேன். உப்புத் தண்ணீர் என்னைத் தூக்கிப் பிடித்தது. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று குளத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கை நோக நோக அடித்தேன்.

மிதவையை அக்காதான் முதலில் தொட்டாள். நான் மூச்சு வாங்கி வந்து சேரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு மிதந்தாள்.

"கால மடக்கி மடக்கி அடிக்கிறாய். ஆருகா உனக்குப் பழக்கின?"

ஏச்சு விழுந்தேவிட்டது. மிதவையைக் கட்டிப்பிடித்தபடி சிரித்துச் சிரித்து, நான் உப்புத் தண்ணீரைக் குடித்தேன்.