கரின் வேண்டாம் என்ற அரை டாலர்

இங்க்ரிட் விமானப்படையில் சேரப் புறப்பட்டது ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, மதியம் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்ட கையோடு கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் நார்லண்டில் யாரும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. மினசோட்டாவின் அந்தத் தென்கோடியில் விடைபெறுவது தவணை முறையில்தான் நடக்கும். முதலில் சாப்பாட்டு மேசையில் "சரி, அப்ப..." என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுவார்கள். பிறகு வாசற்கதவில் நின்று கொஞ்ச நேரம். பிறகு காருக்குப் பக்கத்தில். கார் நகர்ந்த பிறகும் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு முறை. இங்க்ரிட்டின் அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டு, இதெல்லாம் முடியட்டும் என்று ரேடியோவில் சோள விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசித் தவணையில்தான் இங்க்ரிட் தங்கை கரினைக் கண்ணாடிப் பக்கம் கூப்பிட்டு, அதுவரை தான் பார்த்துக்கொண்டிருந்த கார்போன் வீட்டுப் பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தாள்.

"நீனாவுக்குத் தட்டுல பீன்ஸும் உருளைக்கிழங்கும் ஒட்டக் கூடாதுடி. ஒட்டுச்சுன்னா ரெண்டையும் தொட மாட்டா. ரெட்டையில டாமி கடிப்பான். அவன் கடிக்கறதுக்கு முன்னாடியே பாலி அழ ஆரம்பிச்சிடுவான். அழுகச் சத்தம் கேட்டதும் ஓடினீன்னா கடிக்கறதுக்குள்ள பிடிச்சிடலாம்."

"கூலி?"

"மணிக்கு ஒண்ணரை டாலர்."

"அது நீனா மட்டும் இருந்தப்பக் குடுத்ததுல்ல? இப்ப மூணு பேராச்சே. நீ கேக்கலையா?"

துப்பாக்கி பிடிக்கப் போகிற இங்க்ரிட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "போடி. யாரு போய் அதையெல்லாம் கேப்பா?"

கார் போய்விட்டது. கூலி அதே ஒன்றரையில் அக்காவிடமிருந்து தங்கைக்கு இறங்கியது, பழைய குளிர்கோட்டு இறங்குவதைப் போல.

கரினுக்கு அந்த வசந்தத்தில் பதினாறு முடிந்திருந்தது. கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வீட்டில் இருந்த பழைய ஃபோர்டு வண்டியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இன்ஷூரன்ஸ் அவள்தான் கட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் கறார் பேர்வழி இல்லை. அந்த ஊரில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொன்னார்கள். கட்டுவதற்கு வழியும் ஊரிலேயே இருந்தது. ஜூன் நடுவில் பட்டாணி அறுவடை தொடங்கும். பட்டாணியை டின்னில் அடைக்கும் ஆலை பதினாறு வயது நிரம்பிய யாரையும் சேர்த்துக்கொள்ளும். கூலி இரண்டு மடங்குக்கும் மேல். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடி, காலுறை, கனவு எல்லாம் பட்டாணி நாறும், அவ்வளவுதான்.

போயிருப்பாள். முதல் வாரம் கார்போன் வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் நிச்சயம் போயிருப்பாள்.

அந்த ஒரு வாரத்திலேயே அவளை அந்த வீடு பிடித்து வைத்துக்கொண்டது. ஐந்து வயது நீனா காலையில் வாசலில் நின்று, அன்றைக்குத் தன் பெயர் என்ன என்று அறிவிப்பாள். ஒரு நாள் டாக்டர் சூசன். ஒரு நாள் குதிரை. குதிரைக்கு மேசையில் சாப்பாடு கிடையாது என்று கரின் சொல்லப்போக, புல்வெளியில் கிண்ணம் வைத்துச் சாப்பிட்டது குதிரை. பீன்ஸும் உருளைக்கிழங்கும் கலந்துகிடந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. அன்று முதல் காய்கறி இருக்கிற நாளெல்லாம் கரின், "இன்னிக்குக் குதிரை வருமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். இரட்டையருக்கு ஒன்றரை வயது. டாமி கடிக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு துண்டு ரொட்டியை அந்த வாயில் வைத்துவிட்டால் போதும் என்று அவளே கண்டுபிடித்தாள். பாலி மத்தியானம் தூங்க, அவன் கையில் அவளுடைய காது வேண்டும். தொட்டிலுக்குள் தலையைக் கவிழ்த்துக் காதைக் கொடுத்தபடி கழுத்து வலிக்க நிற்பாள். அவன் விரல் தளர்ந்து விழும்போது அவளுக்கு எதையோ ஜெயித்த மாதிரி இருக்கும்.

ஆக, பிள்ளைகளையும் விடக் கூடாது, வண்டியும் ஓட வேண்டும். இதற்கு ஒரே வழிதான். கேட்க வேண்டும்.

ஒத்திகை பார்த்தாள். உயர நாற்காலிகளில் இரட்டையரை உட்கார்த்தி, முன்னால் நின்று, "மிஸ்டர் கார்போன், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று தொடங்கினாள். டாமி மக்ரோனியை எடுத்து எறிந்தான். அவர் மறுத்தால் என்ன சொல்வது, யோசிக்கிறேன் என்றால் என்ன சொல்வது, கோபப்பட்டால் எப்படி மன்னிப்புக் கேட்பது, எல்லாம் பழகிக்கொண்டாள். சம்மதித்தால் என்ன சொல்வது என்று மட்டும் பழகவில்லை.

வின்ஸ் கார்போன் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். நியூ ஜெர்சிக்காரர். இந்த ஊர்ப் பெண் லீயானைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். உரக்கப் பேசுவார், கையை ஆட்டிப் பேசுவார். நார்லண்டில் அதை ஒரு உடல் உபாதையாகப் பாவித்து யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். லீயான் மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் வின்ஸ்தான் முதலில் வீடு வந்து கூலி கொடுப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சமையலறைக்குள் நுழைந்ததுமே கரின் ஆரம்பித்துவிட்டாள். விட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

"மிஸ்டர் கார்போன், இப்ப... மூணு பிள்ளைங்க இருக்காங்கல்ல?"

"ஏன், ஒண்ணு குறையுதா?"

"ஐயோ, இல்ல! இருக்காங்க. நான் சொல்ல வந்தது... முன்னாடி ஒரு பிள்ளை. இப்ப மூணு. கூலி மட்டும் அப்படியே இருக்குதில்ல, அதான்..."

வின்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா! என்ன மடத்தனம் பாரு. உங்கக்காவாவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு டாலர்னு வெச்சுக்கலாமா?"

கரினின் வாய் அவளைக் கேட்காமல் தானாகத் திறந்தது.

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்ங்க."

"நிஜமாவா?"

"இருக்கறதே போதும்ங்க."

"சரிம்மா. நல்ல பொண்ணு நீ." பழைய கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, பர்ஸைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, டாமியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வின்ஸ் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கரின் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நார்லண்டில் யாரும் எதையும் முதல் தடவையில் வாங்கிக்கொள்வதில்லை. காபியாகட்டும், கேக்காகட்டும், பனியில் நின்றுபோன காரை இழுத்துவிடுவதாகட்டும், முதலில் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பது, கேட்கிறவர் மனசாரத்தான் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவது தடவை, "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, ஒரு சின்னத் துண்டு." இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. லீயானும் புருஷனுக்குச் சொன்னதில்லை. மூச்சு விடுவதையா சொல்லிக்கொடுப்பார்கள்? தன் வீட்டுக்கு வருகிறவர்கள் யாருமே காபி குடிக்காமல் போவதை வின்ஸ் கவனித்திருந்தார். தான் போடும் காபி இவர்களுக்குக் கசப்பு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவதான் கேட்டாரா?"

"ரெண்டாவதா 'நிஜமாவா'ன்னார்."

"'நிஜமாவா'வைக் கணக்குல சேக்க முடியாதே." அம்மா பெருமூச்சு விட்டாள். "பாவம். அவங்க ஊர்ப்பக்கம் அப்படி வளத்திருக்காங்க."

"மறுபடியும் கேக்கவாம்மா?"

"குடுக்கறேன்னு சொன்னவரை வேண்டாம்னுட்டு, திரும்பப் போய்க் குடுங்கன்னா?" அம்மாவுக்கு அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. "அதுக்குப் பேசாம ஆலைக்கே போயிடலாம்."

அதுதான் நடந்தது. அடுத்த வாரம் ஆலையில் ஆள் எடுத்தார்கள். கரின் பெயர் கொடுத்தாள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வாரம் முழுக்கப் பாலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாளே தவிர, லீயானிடம் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை லீயான் சீக்கிரம் வந்துவிட்டாள். வின்ஸும் இருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் பட்டாணி ஆலைக்குப் போறேன்."

லீயான் கையில் இருந்த கரண்டியை மெதுவாக வைத்தாள். "ஓ," என்றாள். நார்லண்டில் அந்த ஓ-வுக்குள் ஒரு சாவு வீட்டையே அடைக்கலாம். "நல்லது. ஆலையில நல்லாத்தான் குடுப்பாங்க."

"ஆமாங்க."

"இந்த வருஷம் பட்டாணி நல்லா வெளஞ்சிருக்காம்."

"ஆமாங்க. மழை நல்லா பேஞ்சுதுல்ல."

வின்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருங்க, இருங்க. பட்டாணி கிடக்கட்டும். ஏம்மா போற? பிள்ளைங்க படுத்தறாங்களா?"

"இல்லவே இல்ல!" கரின் வேகமாகத் தலையை ஆட்டினாள். "எனக்கு இன்ஷூரன்ஸ் கட்டணும். ஆலையில கூலி அதிகம்."

"கூலியா? நான்தான் கூட்டித் தர்றேன்னேனே!"

"ஆமாங்க."

"நீதானே வேண்டாம்னே!"

"ஆமாங்க. அது... முதல் தடவைதானே கேட்டீங்க."

வின்ஸ் கைகள் இரண்டையும் அந்தரத்தில் நிறுத்தினார். "அப்ப எத்தனை தடவ கேக்கணும்?"

"மூணு," என்றாள் லீயான், தட்டைப் பார்த்தபடி.

"மூணா?"

"வின்ஸ், ஒரே ஒரு தடவையா கேட்டே?" லீயானுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஊருக்குள்ள நான் எப்படித் தலைகாட்டறது?"

"ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், யாராவது ஒருத்தர் சொன்னீங்களா? அப்ப உங்கப்பா! போன கிறிஸ்துமஸுக்கு வந்து காபி வேண்டாம்னாரே?"

"வாசல் வரைக்கும் காபி வேண்டியிருந்தது அவருக்கு. நீ மறுபடி கேப்பேன்னு பாத்தார்."

வின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் எழுந்து, கரின் முன்னால் வந்து நின்று, விரலை நீட்டி எண்ணினார். "ரெண்டு டாலர் வேணுமா? ரெண்டு டாலர் வேணுமா? ரெண்டு டாலர் வேணுமா? போதுமா? இப்பச் சொல்லு."

முறைப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. இப்போது "உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கரினும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டு டாலருக்கு இன்ஷூரன்ஸ் கட்டி வராது. அதை அவள் போன வாரமே கணக்குப் பார்த்திருந்தாள். கேட்கத் தைரியம் இல்லாமல், அந்தக் கணக்கைப் பார்க்காதது மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு," என்றாள்.

"மூணு தடவையாச்சே, சொல்லிட்டேனே."

"இல்ல. மூணு டாலர். பிள்ளைக்கு ஒண்ணு."

லீயான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "மேகம் கட்டுது போல," என்றாள். வானம் துடைத்த தட்டாக இருந்தது. கரினுக்குக் காது மடல் எரிந்தது. முடியாட்டிப் பரவாயில்லங்க, நீங்களா பாத்துக் குடுங்க, நான் சும்மாதான் கேட்டேன் - இப்படி ஒரு பத்து வாக்கியம் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டரை," என்றார் வின்ஸ்.

"மூணு."

"ஆலையில அவ்வளவுதான் குடுக்கறான்!"

"அவன் இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுக்கறான். ஆனா பட்டாணி காதைப் பிடிச்சுக்காது."

வின்ஸின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊரில் அவரோடு பேரம் பேசிய முதல் ஆள் இந்தப் பெண்தான். கையை நீட்டினார். கரின் பிடித்துக் குலுக்கினாள்.

"ஆலைக்காரங்க தப்பா நினைச்சுக்க மாட்டாங்களே?" என்று கவலைப்பட்டாள் லீயான். அன்று வாசல்வரை வந்து, பிறகு வேலிவரை வந்து, பிறகு தெருமுனைவரை நடந்து வந்து அவள் கரினை வழியனுப்பினாள். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியும்போது மட்டும், "நானே பாத்துச் செஞ்சிருக்கணும்," என்றாள்.

கரின் மூன்று கோடைகள் அங்கே இருந்தாள். ஃபோர்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனாள். நீனாவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தாள். பாலி காதை விட்டான். அவளுக்குத்தான் அது கொஞ்ச நாள் வெறிச்சென்று இருந்தது. கடிப்பதை டாமி நிறுத்தியதற்கு ஒரு கேக் சுட்டார்கள். இரட்டையர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் வின்ஸின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, குடும்பம் நியூ ஜெர்சிக்கே போய்விட்டது.

கரின் எங்கேயும் போகவில்லை. நார்லண்ட் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்கு அந்த இடத்தையே நடத்துகிறாள். காபியை இப்போதும் மூன்றாவது தடவையில்தான் வாங்குவாள். சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் முதல் தடவையிலேயே தொகையைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு டாக்டரையே பார்ப்பாள். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து வானிலை பேசிவிட்டுச் சம்மதிப்பார். கரினுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு கார்போன் வீட்டிலிருந்து படம் வரும். ஒவ்வொரு வருஷமும் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, அடுத்த படம் வரும்வரை எடுக்க மாட்டாள்.

இரட்டையருக்கு முப்பது தாண்டிய ஒரு மார்ச் மாதம். வாசலில் பனி தள்ளிவிட்டு உள்ளே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், தெரியாத எண்ணிலிருந்து கைபேசியில் ஒரு செய்தி:

"கரின், நான் பாலி கார்போன். எங்களுக்குப் பொண்ணு பிறந்து நாலு மாசம் ஆச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து பாத்துக்கறதுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணு வர்றா, பதினஞ்சு வயசு. என்ன குடுக்கறதுன்னு தெரியல. அப்பா ஒரு தொகை சொல்றார். அம்மா உன்னைக் கேக்கச் சொன்னாங்க. நீ சொல்றதைத்தான் குடுக்கப்போறேன், அதனால யோசிச்சுச் சொல்லு. அப்புறம், இவ எங்க எல்லாரையும் விட சத்தமா அழறா. அதையும் சேத்துக்கோ."