வளையல் உடைத்த கை

மதுரையில் மார்புக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு என் மனைவியின் வலது கை திரும்பத் திரும்ப வீங்கியது. அக்குளில் புதிய கட்டிகள் எழும்பி வலித்தன. கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்தன. உத்தமபாளையத்துக்கு வண்டி கட்டிப் போனோம். டாக்டர் வளையல்களை உடைக்கச் சொன்னார்.

"நான் உசுரோட இருக்கையிலயா?" என்று கத்தினேன். புருஷன் செத்தால்தானே வளையலை உடைப்பார்கள்? உண்மையைச் சொன்னால், என் உயிருக்குப் பயந்தேன்.

அடுத்த வீக்கத்தில் வளையலைச் சுற்றிச் சீழ் பிடித்தது. அவளே கையை அம்மிமேல் வைத்தாள்.

"உடைச்சு விடுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாத்தான் இருப்பீக."

உடைத்தேன். சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோதும் அவள் கத்தவில்லை.

தை பிறக்குமுன் போய்விட்டாள். சுமங்கலி என்று புது வளையல் போடப் பார்த்தார்கள். அந்தக் கையில் ஏறவில்லை.

அவள் சொன்னபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.