இடது பக்கத்துப் பெடல்

புனேயின் தாபோடியில் ரயில் பாதையை ஒட்டியிருக்கும் அந்தக் குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளைக்குச் சைக்கிள் வந்தாலும் முதலில் மூக்கை நுழைப்பவர் பரமசிவம்தான். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். நாற்பத்தாறு வயது, முன்மண்டையில் முடி இல்லை, பேச்சில் மட்டும் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. புனேக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் அவருக்கு இந்தியில் கோபப்பட வராது. தமிழில் திட்டுவார், திட்டு வாங்கியவன் புரியாமல் சிரித்துவிட்டுப் போவான்.

சைக்கிள் பழக்குவதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இருக்கும் குட்டிச் சக்கரங்களைக் கழற்றுவது எல்லாரும் செய்வதுதான். இவர் அத்தோடு நிற்காமல் பெடல் இரண்டையும் கழற்றிவிடுவார். சீட்டைத் தாழ்த்துவார். பாதம் தரையில் பதிய, பிள்ளை காலால் உந்தி உந்திப் போக வேண்டும். ஒரு வாரம் இதே வேலை. முதல் தடவை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். பிறகு பார்த்தால் பத்தாம் நாள் பிள்ளைகள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு காற்றாய்ப் போகின்றன. அதன்பின் பெடலை மாட்டுவார். மாட்டிய மறுநாள் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து கேட் வரைக்கும் பிள்ளை தனியாக ஓட்டி வர வேண்டும். வீட்டு வாசல்களில் நின்று எல்லாரும் கைதட்டுவார்கள்.

இப்படி ஒன்பது பிள்ளைகள் இறங்கி வந்துவிட்டார்கள். "எங்கிட்ட பழகின பிள்ளை ஒண்ணாவது முட்டியைப் பேத்துக்கிட்டு வந்திருக்கா, சொல்லுங்க பாப்போம்" என்று டீக்கடையில் சவால் விடுவார். யாரும் பதில் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, உண்மைதானே.

பத்தாவது பிள்ளை நஸ்ரின். அடுத்த வீட்டு மும்தாஜின் மகள், ஏழு வயது. வாப்பா லாரியோடு போனால் வர இருபது நாள் ஆகும். உம்மா பிம்பிரியில் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை. ஏப்ரல் விடுமுறையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மும்தாஜ் தவித்தபோது, "நான் ரெண்டாம் ஷிப்டுதான். காலைல எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றவர் பரமசிவம். அவர் மனைவி தமிழரசி பிள்ளைக்குச் சோறு போட்டாள்.

சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் பரமசிவத்துக்கு நட்டு இறுக்கும் வேலை. இறுக்கிய நட்டின் மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. அடுத்து நிற்பவன் நட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டான், கோட்டைத்தான் பார்ப்பான். இறுக்கும் முன்னால் கோடு போட்டான் என்பதற்காக ஒரு பையனை நாள் முழுக்க வறுத்தெடுத்திருக்கிறார் பரமசிவம். அந்தப் பேனா ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பிள்ளைகளின் பெடலிலும் கோடு போட்டுக் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அது பெரிய மரியாதை.

அந்தப் புதன்கிழமை பகலில் நஸ்ரினின் பெடல்களை மாட்டினார். வலது பக்கத்தை ஸ்பேனர் போட்டு இறுக்கிக் கோடு இழுத்தார். இடது பக்கத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். பேனா கையிலேயே இருந்தது. நஸ்ரின் குதித்துக்கொண்டு, "மாமா, இதுக்கும் போடுங்க, ஜல்தி, ஜல்தி" என்றாள். சரி, கோட்டைப் போட்டுவிட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று போட்டார். போட்ட கையோடு போன் வந்தது. கம்பெனி பஸ் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கிறதாம். சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை மேட்டில் சைக்கிளை நிறுத்திச் சோதித்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். சீட்டை ஆட்டிப் பார்த்தார். பெடலைக் குனிந்து பார்த்தார், இரண்டிலும் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. கை அதைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"போ தாயி. நேரா கேட்டைப் பாத்துப் போ."

பாதி வழி வரை அவள் ராணி மாதிரிதான் போனாள். சட்டென்று இடது கால் அந்தரத்தில் ஆடியது. கைப்பிடி திரும்பிக்கொண்டது. சுவரில் மோதி விழுந்தாள். பரமசிவம் போய்த் தூக்கும்போது இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்து கிடந்தது. முன்பல் ஒன்று பாதியாகியிருந்தது. பெடல் நாலடி தள்ளிக் கிடந்ததை அவர் பார்த்தார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் செய்தாரா, பின்னால் செய்தாரா என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் மும்தாஜ் வந்து சேர்ந்தபோது, கூட வந்திருந்த எதிர்வீட்டு செல்வமேரி முந்திக்கொண்டாள். "நான் கண்ணால பாத்தேன் மும்தாஜ். காலைத் தூக்கிக்கிட்டு வித்தை காட்டிட்டு வந்தா. அண்ணன் என்ன செய்வாரு, பாவம்." நஸ்ரினும் அழுகையோடு, "கால் தானா நழுவிடுச்சு" என்றாள். பரமசிவம் வாயைத் திறந்தார். திறந்த வாயால் டாக்டர் எங்கே என்று கேட்டார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. மாலையில் சைக்கிளை எடுத்துவந்து பெடலை மாட்டி நன்றாக இறுக்கி வைத்தார். செய்து முடித்தபின்தான் தான் தப்பை மறைத்திருப்பது உறைத்தது. தமிழரசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு அவசரமா இப்ப இதைச் சரி பண்ணணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாட்களில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மும்தாஜ் வாசல் வரை போனார். ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்தார். இன்னொரு தடவை கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு வந்தார். சொன்னால் இந்தக் குடியிருப்பில் இனி எவர் தன் பிள்ளையை நம்பி விடுவார்? டீக்கடைப் பேச்சு எல்லாம் நெஞ்சுக்குள் முள்ளாய்க் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மும்தாஜே வந்தாள். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், இன்னொரு கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சேமியா செஞ்சேன் அண்ணாச்சி. நீங்க மட்டும் இல்லன்னா அன்னைக்கு யாரு தூக்கிட்டு ஓடியிருப்பா? இந்தாங்க, இந்தச் சைக்கிளையும் வேற எந்தப் பிள்ளைக்காவது குடுத்துருங்க."

"ஏன் மும்தாஜ்?"

"அவளுக்கு இது வராது அண்ணாச்சி. காலை எங்க வைக்கணும்னு தெரியாதவளுக்குச் சைக்கிள் எதுக்கு? ஆஸ்பத்திரிலயே முதுகுல ரெண்டு வச்சேன். கட்டுப் போட்ட கையோட நின்னா, அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல. நாலு நாளா அவகிட்ட முகங்குடுத்துப் பேசல. அவளும் நான்தான் தப்பு பண்ணேன், நான்தான் தப்பு பண்ணேன்னு மூலைல உக்காந்திருக்கா."

பரமசிவம் தூக்குப் பாத்திரத்தை வாங்கவில்லை.

"அவ காலைத் தூக்கல" என்றார். "பெடல் கழண்டு விழுந்துச்சு. நான் இறுக்கல. இறுக்காமலே கோட்டைப் போட்டுட்டு பஸ்சுக்கு ஓடிட்டேன். காலைல கோட்டைப் பாத்து ஏமாந்துட்டேன். விழுந்த பெடலை எடுத்து ஒளிச்சு, அன்னைக்குச் சாயங்காலமே மாட்டி வச்சதும் நான்தான்."

மும்தாஜ் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள்.

"கை ஒடஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. யாருக்கும் மறதி வரும். ஆனா ஆஸ்பத்திரில நீங்க பக்கத்துலதான் நின்னிய. நான் அவளை அடிக்கும்போது பாத்துக்கிட்டுத்தான் நின்னிய."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? வாங்க. வந்து அவகிட்ட சொல்லுங்க."

பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பத்தடிதான் தூரம். பரமசிவம் பின்னாலேயே போனார்.

நஸ்ரின் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் உடைந்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டாள். பரமசிவம் தரையில் உட்கார்ந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்று இரண்டு தடவை சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டுகூடக் கொண்டுவரவில்லை.

அவள் வண்ணப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் கால் நழுவலையா?"

"நழுவல."

"நான் சரியாத்தான் ஓட்டினேனா?"

"சரியாத்தான் ஓட்டின, தாயி. ஒரு தப்பும் பண்ணல."

பிள்ளையின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அது மலரவில்லை. அவள் வாசலில் நின்ற உம்மாவைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

மும்தாஜ் பரமசிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்லாம நின்னதால, தாயி" என்றார் பரமசிவம்.