மல்லிகாவைத் தூக்கியது யார்?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்து இங்கிலீஷ் வகுப்பில் நபீலா மிஸ் செய்த ஏற்பாடு அந்தோனியம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவருடன் கட்டுரையை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். கடைசியில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் எழுத வேண்டும். அவள் பக்கத்தில் இருந்தவன் சுப்பர்வைசர் சாள்ஸ்.

அந்தோனியம்மா தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இங்கிலீஷ் படித்தால் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை கிடைக்கும் என்று வந்தவள். சாள்ஸ் வயதில் இளையவன்தான். ஆனால் விடிந்தால் பெரட்டுக்களத்தில் நின்று, யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொல்கிறவன். பிடிக்காதவர்களுக்குச் செங்குத்தான மேமலைதான். அவன் எழுத்தில் பிழை பிடிப்பது சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது அல்லாமல் வேறென்ன?

தலைப்பு, மறக்க முடியாத நாள். சாள்ஸ் குளவி கொட்டிய நாளை எழுதியிருந்தான். கூடப் பால் வெட்டும் மல்லிகாவைக் குளவிகள் மொய்த்ததும் அவனே பாய்ந்து போய்ச் சாக்கைப் போர்த்தி, தோளில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தானாம். அந்தோனியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு முதலில் ஓட்டம் பிடித்ததே இந்த மகராசன்தான். கொட்டு வாங்கி மல்லிகாவைச் சுமந்தவள் அந்தோனியம்மாதான்.

ஆனால் அவள் கட்டுரையும் அதே நாளைப் பற்றியதுதான். தோட்டத்தில் எந்த நல்லது நடந்தாலும் மேலே இருப்பவர் பேரில் எழுதி வைப்பது வழக்கம். குழாயில் தண்ணீர் வந்தாலும் துரை தந்ததுதான். அந்தப் பழக்கதோஷத்தில், மல்லிகாவைச் சுப்பர்வைசர் சேர் தூக்கினார் என்று அவளும் எழுதியிருந்தாள். அந்த வரியைத்தான் சாள்ஸ் இப்போது சிரித்துக்கொண்டே வாசித்தான்.

நல்ல கட்டுரை ஒன்றைப் பரிசளிப்பு நாளில் துரை முன்னால் வாசிப்பார்களாம். கடைசிக் கேள்வியில் இதைக் கேட்டால் சாள்ஸைப் பகைக்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் பொய்யே மெய்யாகிவிடும். அவன் கட்டுரைக்கு அடியில் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள்: மல்லிகாவைத் தூக்கியது யார்?

மிஸ் அதை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். சாள்ஸ் கோபப்படவில்லை. அந்தோனியம்மாவின் கட்டுரையை மிஸ்ஸிடம் நீட்டி, “அவளே எழுதியிருக்கா பாருங்க மிஸ்,” என்றான்.

மிஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே மாதிரித்தானே இருக்கிறது, கேள்வியை அழித்துவிடலாமே என்று அழிரப்பரை நீட்டினாள். அந்தோனியம்மா வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, யார் மேலும் இல்லை, தன் மேலேயே. தன் கட்டுரையை இழுத்து, அந்த வரியைத் தாள் கசங்க அழித்தாள்.

“சேர் தூக்கலைங்க மிஸ். நாந்தான் தூக்குனேன். மரியாதைக்கு அப்புடி எழுதிட்டேன்.”

சாள்ஸ் அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, “நாளைக்கு ஒனக்கு மேமலைதான்,” என்றான்.

“மல்லிகாவத் தூக்கிட்டு எறங்குன மலைதானேங்க சேர்,” என்றாள் அவள். “வழி தெரியும்.”