சித்தி இழுத்த ஆட்டம்

பதினோரு வயதில் கேரம் பலகை முன்னால் உட்கார்ந்தால் என் விரல் யோசிக்காது. எதிரில் இருப்பவர் அடித்த காய் சறுக்கி நிற்பதற்குள் ஸ்டிரைக்கரை எடுத்துக் கோட்டில் வைத்துச் சுண்டிவிடுவேன். விழுந்தால் அடுத்த காய், விழாவிட்டால் அவர்கள் முறை. தெருவில் எனக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடுவேன்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவசரம்தான். நைனா நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து டீ குடித்து அவரை நான் பார்த்ததில்லை. ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் போன், ஒரு கால் செருப்பில். அதே அவசரத்தோடுதான் அத்தையின் கல்யாணத்தையும் முடிவு செய்தார்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. நர்சிங் படித்து முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நைனா அதை நின்றபடியே படித்து பீரோவின் மேல் வைத்தார். பத்து நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். திண்டிவனம் பக்கம் டைல்ஸ் கடை. “பொண்ணு வேலைக்கெல்லாம் போவத் தேவையில்ல, ராணி மாதிரி வீட்ல இருக்கட்டும்” என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். நைனாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பொங்கல் முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை.  அந்த நாட்களில் அவள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். மாடிக்குப் போவாள், வருவாள். கல்யாணக் கூச்சம் என்று அம்மா எனக்குச் சொன்னாள்.

சித்தி, அதாவது சித்தப்பாவின் மனைவி, அவலூர்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நைனாவின் எதிரில் வாயே திறக்கமாட்டாள். நைனா கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். ஆனால் ஆண்கள் வெளியே போனபின் பார்க்கவேண்டும். அடுப்பில் உலை வைத்துவிட்டு, “வாடி, தண்ணி கொதிக்கறதுக்குள்ள ஒரு ஆட்டம் போட்டுடலாம்” என்று பலகையைத் தரையில் இறக்குவாள். அண்ணன்மாரோடு ஆடி வளர்ந்த கை. என்னைவிட வேகம். அம்மாவும் அத்தையும் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அரிசி போடும் நேரத்துக்குள் நான் தோற்றிருப்பேன்.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு எங்கள் தெரு இளைஞர்கள் பெண்களுக்கான கேரம் போட்டி வைத்தார்கள். வயது வித்தியாசம் கிடையாது. ஃபைனலுக்கு வந்தது நானும் சித்தியும். முதல் பரிசு பெரிய குக்கர். எனக்குக் குக்கர் வேண்டாம். கூடவே தருவதாகச் சொன்ன கப் வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் கொண்டுபோய்க் காட்டுவதாக இரண்டு வகுப்புகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

தெருவின் நடுவில் ஷாமியானா. நைனாதான் நடுவர். போன வருடம் ஆட்டத்தில் சண்டை வந்து நாற்காலி உடைந்ததால் இந்த முறை அவரே மைக்கைப் பிடித்து, “ஆடறவங்கள யாரும் அவசரப்படுத்தக் கூடாது. அவங்கவங்க டைம் எடுத்துதான் ஆடுவாங்க. மீறி வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன்” என்று சொல்லியிருந்தார். சித்தப்பா மைக்கில் காய்க் கணக்குச் சொன்னார். அம்மா பெண்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை மட்டும் தலைவலி என்று வரவில்லை. வீட்டில் வடை சுட்டு வைப்பதாகச் சொன்னாள்.

மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் கப். முதல் ஆட்டம் மூன்று மணிக்கு ஆரம்பித்து இருபது நிமிடத்தில் முடிந்தது. ஜெயித்தது நான். சித்தியின் கை என்னவோ நிதானத்தில் இல்லை. அடிக்கடி என் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்தாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கப்பின் பளபளப்புதான் கண்ணில் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில்தான் அது ஆரம்பித்தது.

சித்தி ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்தாள். பார்த்தாள். எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி வைத்தாள். பலகையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். வளையலை மேலே ஏற்றிவிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நான் மூச்சைப் பிடிக்கும்போது, “கொஞ்சம் பவுடர்” என்றாள். பவுடர் வந்தது. அதை நாலு மூலைக்கும் தேய்த்தாள். பிறகுதான் அடித்தாள். ஒரு காய் விழுந்தது. அடுத்த காய்க்கும் அதே துடைப்பு, அதே பார்வை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கால் மரத்தது. காத்திருக்கும்போது விரல் சும்மா இருந்தது, தலை சும்மா இருக்கவில்லை. அந்த ஓரத்துக் காயை நேராக அடிப்பதா, எதிர்ச் சுவரில் மோதித் திருப்புவதா, தவறினால் என்ன ஆகும், பள்ளியில் என்ன சொல்வது என்று எல்லாம் ஓடியது. என் முறை வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய காயைப் போட முடியவில்லை. அடுத்த முறை ஆத்திரத்தில் இரு மடங்கு வேகமாக அடித்தேன். ஸ்டிரைக்கரே குழியில் விழுந்து, போட்ட காய் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. சரி, நானும் சித்தியைப்போலவே நிதானமாக ஆடுகிறேன் என்று ஸ்டிரைக்கரைத் துடைத்து, பார்த்து, வைத்து அடித்தேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். வியர்வையில் பவுடர் விரலில் பசைபோல ஒட்டியது. இரண்டாவது ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. ஜெயித்தது சித்தி.

மூன்றாவது ஆட்டம் அதைவிடக் கொடுமை. பாதிக் கூட்டம் எழுந்து, காணும் பொங்கலுக்கு எல்லாரும் போகும் எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்கப் போய்விட்டது. நைனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், தன் சட்டமே தன்னைப் பிடித்துக்கொண்டதால் மறுபடி உட்கார்ந்தார். சித்தி தண்ணீர் கேட்டாள். தலைமுடியை அவிழ்த்து முடிந்தாள். ஒரு கட்டத்தில், இரண்டு வருடமாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசாதவள், “மாமா, காய் கோட்டத் தொட்டுனு இருக்குது. அத அடிக்கலாமா, கூடாதா?” என்று நைனாவையே கேட்டாள். நைனா திகைத்துப்போய்க் குனிந்து அந்தக் காயை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அதில் ஐந்து நிமிடம் போனது.

எனக்கு ஒரே ஒரு காயும் நடுவில் நின்ற சிவப்பும்தான் பாக்கி. சித்திக்கு இன்னும் ஐந்து காய் இருந்தன. அந்தச் சிவப்பை நான் நாலு முறை தவறவிட்டேன். நாலாவது முறை அழுதேவிட்டேன்.

“நைனா, சித்தி வேணும்னே இழுக்குது!” என்று கத்தினேன். “வீட்ல பத்து நிமிஷத்துல முடிச்சிடும். தண்ணி கொதிக்கறதுக்குள்ள முடிச்சிடும். இன்னிக்கி வேணும்னே பண்ணுது. கேளு நைனா!”

சித்தியின் கை ஸ்டிரைக்கரின் மேல் அப்படியே நின்றது. நைனா அவளைப் பார்த்தார்.

“தோக்கப் போறன்னு தெரிஞ்சதும் வாய் நீளுதா?” என்று முதல் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “வீட்ல வெளாடறதும் ஃபைனலும் ஒண்ணா? ஒழுங்கா குந்தி ஆடுடி.”

பெண்கள் சிரித்தார்கள். நைனா அம்மா பக்கம் திரும்பி, “நீ போய் டீயப் போடு. அந்தப் பொண்ணு தனியா இன்னா பண்ணுதுன்னும் பாரு” என்றார்.

“முடியட்டும், போறேன். எம் பொண்ணு ஆடற ஃபைனல நான் பாக்க வேணாமா?” என்றாள் அம்மா. அவள் நைனாவுக்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டது குறைவு. என்மேல் அவ்வளவு பாசம் என்று அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மணி ஐந்து இருக்கும். எனக்குப் பின்னால், தெரு போய்ச் சேரும் பெரிய ரோட்டில், திருவண்ணாமலை பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்து நின்றது. படிக்கட்டில் தொங்கியவர்களைக் கண்டக்டர் திட்டும் சத்தம் கேட்டது. விசில். பஸ் கிளம்பிப் போனது.

சித்தி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். பவுடர் கேட்கவில்லை, துடைக்கவில்லை. சுண்டினாள். ஒன்று. ஸ்டிரைக்கர் சறுக்கி நிற்பதற்குள் எடுத்து அடுத்தது. மூன்று, நாலு. சிவப்பைப் போட்டாள். அதை உறுதிசெய்ய வேண்டிய கடைசிக் காயையும் போட்டாள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது. சித்தப்பா மைக்கில் எண்ணிச் சொல்வதற்குள் பலகையில் என் ஒற்றைக் காய் மட்டும் நின்றது. ஜெயித்தவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். சித்தியின் கண் கலங்கியிருந்தது. ஜெயித்தும் அழுகிறாளே என்று எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

குக்கரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வடை தட்டு போட்டு மூடியிருந்தது, ஆறிப்போயிருந்தது. டிவி மேல் ஒரு காகிதம். நைனா நின்றபடியே படித்தார். பிறகு முதல்முறையாக உட்கார்ந்து படித்தார். “நான் யாரோடவும் போகலை. வேலைக்குத்தான் போறேன்” என்று எழுதியிருந்தது.

முதல் வாக்கியத்தை நைனா நம்பவே இல்லை. அவரும் சித்தப்பாவும் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். அத்தையின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அடுத்த சில மாதங்கள் நைனா ஒரு பையனைத் தேடினார். செல்போன் கடைக்காரனை விசாரித்தார். சிங்கவரத்திலிருந்து வந்து அத்தையோடு படித்த பையன் ஒருவனின் வீட்டுக்கே போய், அவன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாந்து திரும்பினார். ஒரு பெண் சம்பளத்துக்காக மட்டும் வீட்டைவிட்டுப் போவாள் என்பது அவருக்குப் புரிய நாலு வருடம் பிடித்தது. புரிந்தபிறகு அவரே ரயிலேறிப் போய் அத்தையை அழைத்துவந்தார்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் சித்தி என்னிடம் சொன்னாள். பஸ் மூன்றரைக்கு வரவேண்டியதாம். கோட்டைக்கு வந்த கூட்டத்தால் ரோடு அடைத்துக்கொண்டு ஐந்துக்கு வந்ததாம். அதுவரை அத்தை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, சர்டிபிகேட் பையோடு அந்தத் தெருமுனை ஸ்டாப்பிலேயே நின்றிருக்கிறாள். எங்கள் வீடு அந்த முனையில்தான்; ஆட்டம் முடிந்தால் நாங்கள் எல்லாரும் அந்த ஸ்டாப்பைக் கடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். நைனாவுக்கும் எனக்கும் முதுகு அந்தப் பக்கம். சித்திக்கு முகம்.

“நான் இன்னாதான் பண்றது சொல்லு,” என்றாள் சித்தி. “எத்தினி தடவதான் பவுடர் போடறது? நீ வேற அந்தச் செவப்ப எப்ப போட்டுடுவியோன்னு எனக்கு உயிரே போச்சி.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. உங்கம்மாகிட்ட நான் மூச்சு விடல. சொல்ல பயம்.”

ஃபைனல் அன்று ராத்திரி வீட்டில் நடந்த ஒன்றை நான் அப்போது சித்தியிடம் சொல்லவில்லை. பைக்கில் போனவர்கள் திரும்பி வந்தபின் அம்மா எல்லாருக்கும் சோறு போட்டாள். நைனா தட்டைத் தொடவில்லை. “யாரோ கூட இருந்து உதவி பண்ணாம இது நடந்திருக்காது. அதுவும் வீட்டு ஆளு” என்றார். சித்தி குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எனக்கு என் வழக்குதான் பெரிது. என் பேச்சை யாரும் கேட்காத குறை தீரவில்லை. “நைனா, நான் அப்பவே சொன்னன் இல்ல? சித்தி வேணும்னேதான் ஆட்டத்த—”

அதற்குள் அம்மா ஒரு கவளம் சோற்றை என் வாயில் திணித்தாள். நான் முழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தேன். அடுத்த கவளம். “பேசாம சாப்டு. காலைலர்ந்து ஒழுங்கா சாப்டல நீ” என்றாள். அதற்கு மேல் ஒரு கவளம், குழம்போடு. மூன்றாம் வகுப்புக்குப் பிறகு அம்மா எனக்கு ஊட்டியதே கிடையாது. தன் தட்டிலிருந்த சோறு முழுவதையும், நான் மெல்வதற்குக்கூட நேரம் விடாமல், அன்று எனக்கு ஊட்டி முடித்தாள். 

ஃபைனலில் தோற்ற பிள்ளையை நினைத்து அம்மாவுக்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கே பாவமாகப் போய்விட்டது. அடுத்த வருடம் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று, வாய் நிறையச் சோற்றோடு அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.